தலைமன்னார்ப் பாதையில் ஒரு காய்ச்சலின் கதை

வவுனியாவில் நான் பாடசாலையில் சுகாதாரம் கற்பித்த தொண்ணூறுகளில் மலேரியா என்பது புத்தகத்தில் ஒரு பாடமாகவும், வரவுப் பதிவேட்டில் ஒரு காரணமாகவும் இருந்தது. “ரீச்சர், அவளுக்கு மலேரியா” என்று அடுத்த வாங்கிலிருந்து ஒரு பிள்ளை சொல்லாத கிழமை இல்லை. இன்று அது பாடம் மட்டுந்தான். 2016ஆம் ஆண்டு செப்ரெம்பர் 5ஆம் திகதி இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் மாலைதீவுக்கு அடுத்து அந்த நிலையை எட்டிய நாடு நம்முடையது.

இந்தச் செய்தியை எத்தனை பேர் கவனித்தோம்? கிரிக்கெட்டில் வென்றால் வெடி கொளுத்துகிறோம். எண்பதினாயிரம் உயிர்களை ஒரே பருவத்தில் கொண்டுபோன ஒரு நோய் நாட்டை விட்டுப் போன நாளில் ஒரு வெடியும் கேட்கவில்லை. அந்த நோய் நடந்த தடத்தை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு அப்போதே உண்டாயிற்று. 2018ஆம் ஆண்டு ஆவணியில் பேசாலைக்குப் போகும் வாய்ப்பு வந்தபோது பஸ்ஸை விட்டுப் புகையிரதத்தில் சென்றதற்கு அதுவே காரணம். கொழும்புக் கோட்டையிலிருந்து தலைமன்னார் வரையான பாதை, இலங்கையின் மலேரியா வரலாற்றின் நடுவே போடப்பட்டது போல் இருக்கிறது.

காலையில் புறப்பட்ட வண்டி மீரிகமையைக் கடந்து அலவ்வ பக்கம் வரும்போது மகா ஓயாவின் மேலாகச் செல்கிறது. யன்னலால் பார்த்தால் இரு கரையிலும் தென்னையும் இறப்பரும் செழித்து நிற்கும். ஈரமும் பசுமையுமான பூமி. மலேரியா வரண்ட காட்டுப் பகுதியின் நோய் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் மிகப் பெரிய அழிவு நடந்தது இங்கேதான்.

1934ஆம் ஆண்டு தென்மேல் பருவமழை பொய்த்தது. மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் ஓட்டம் நின்று, மணலுக்கும் பாறைக்கும் இடையில் சிறுசிறு குட்டைகளாகத் தேங்கின. வெயில் படும் தெளிந்த தேங்கு நீர்தான் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்னும் நுளம்பு முட்டையிட விரும்பும் இடம். ஆறு ஓடிக்கொண்டிருந்தால் அதன் குடம்பிகள் அடித்துச் செல்லப்பட்டுவிடும். ஓட்டம் நின்றதால் ஆறு முழுவதும் நுளம்புப் பண்ணையாக மாறிற்று. வரண்ட பகுதி மக்களுக்கு அடிக்கடி வந்த காய்ச்சலால் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. கேகாலை, குருநாகல் மக்களுக்கு அதுவும் இல்லை. போதாக்குறைக்கு விளைச்சலும் பொய்த்து வயிறு காய்ந்திருந்த காலம். ஏறத்தாழ 55 இலட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் சுமார் 15 இலட்சம் பேரைக் காய்ச்சல் பிடித்தது. 80,000 பேரளவில் மாண்டனர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. அவர்களில் பெருந்தொகையினர் கைக்குழந்தைகளும் சிறுவர்களும்.

அந்த மாதங்களில் கிராமம் கிராமமாகச் சென்று கொயினாவும் உணவும் கொடுத்தவர்களில் சூரியமல் இயக்கத்தவர்கள் முக்கியமானவர்கள். அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றவர், கொழும்பில் பெண்கள் பாடசாலை அதிபராகப் பணியாற்றிய டொரின் யங் விக்கிரமசிங்க என்பதைப் பெண்களாகிய நாம் மறந்துவிடக் கூடாது. கேகாலைப் பக்கத்தில் பருப்புப் பகிர்ந்த என். எம். பெரேராவைச் சனங்கள் ‘பருப்பு மாத்தயா’ என்றே அழைத்தார்களாம். குளிசையோடு பருப்பும் போனது. பட்டினி கிடக்கும் உடம்புக்கு மருந்து மட்டும் போதாது என்பதை அவர்கள் அன்றே கண்டுகொண்டார்கள்.

குருநாகல், மாகோ கழிந்ததும் பசுமை மெல்ல மெல்லக் குறையும். அநுராதபுரத்தை நெருங்கும்போது வானம் விரிந்து, குளங்களும் பற்றைக் காடுகளும் தென்படும். 1946ஆம் ஆண்டு முதல் இப்பகுதி வீடுகளின் உட்சுவர்களுக்கு டி.டி.ரி. மருந்து பரவலாக விசிறப்பட்டது. இரத்தம் குடித்த நுளம்பு பாரம் தாங்காமல் பக்கத்துச் சுவரில் போய் அமரும். மருந்து பட்ட சுவரில் அமர்ந்தால் சாகும். இந்த எளிய கணக்கு மிக நன்றாக வேலை செய்தது. 1946இல் 27 இலட்சத்துக்கும் மேலாக இருந்த நோயாளர் தொகை 1963இல் வெறும் 17 ஆகக் குறைந்தது. ஆம், பதினேழு பேர்!

அந்த நேரத்தில் உலகம் முழுவதும் மலேரியாவை அடியோடு ஒழிக்கும் திட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 1955இல் அதனைத் தொடங்கிற்று. இலங்கை அதன் மாதிரிப் பிள்ளை. பதினேழு என்ற எண்ணைக் கண்டதும், இனி என்ன பயம் என்று மருந்து விசிறுவதை நிறுத்தினார்கள். வீடு வீடாகக் காய்ச்சல் தேடுவதும் தளர்ந்தது. சில வருடங்கள்தான் சென்றன. 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயாளர்களாகப் பதிவாகினர். மறுபடியும் விசிறியபோது நுளம்பு டி.டி.ரிக்குப் பழகிப்போயிருந்தது. 1977 முதல் மலத்தியனுக்கு மாற வேண்டியதாயிற்று. உலகத் திட்டமும் 1969இல் கைவிடப்பட்டது.

இந்த ஒரு பக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பேன். நோய் குறைவது வேறு, நோய் இல்லாது போவது வேறு. இல்லாது போன பின்பும் காவல் இருப்பது இன்னும் வேறு.

மதவாச்சியில் பாதை இரண்டாகப் பிரிந்து, எங்கள் வண்டி மேற்கே திரும்பிற்று. மடுமாதாவின் ஆவணித் திருவிழாக் காலமாதலால் வண்டியில் சனக் கூட்டம். பாயும் பானையும் பிள்ளைகளுமாகக் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். செட்டிகுளம் வந்தபோது எல்லோரும் சற்று நேரம் மௌனமாகிப் போனது போல் எனக்குத் தோன்றியது. 2009இல் மெனிக் பாம் முகாம்கள் இருந்த பக்கம் அல்லவா? இலட்சக்கணக்கானோர் கூடாரங்களில் நெருக்குண்டு கிடந்த அந்த வருடத்தில் பெரிய மலேரியாத் தொற்று ஒன்று வெடிக்கும் என்ற அச்சம் இருந்தது. ஆனால் அவ்வருடம் முழு நாட்டிலும் பதிவான நோயாளர் 600க்கும் குறைவு.

அது தற்செயலாக நடந்ததன்று. 1999இல் நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான நோயாளர் இருந்தனர். அவர்களில் பெரும்பங்கு வடக்கு கிழக்கில். அந்தப் போர்க்காலத்திலும் இரத்தப் பரிசோதனை செய்பவர்களும் மருந்து விசிறுபவர்களும் இரு பக்கமும் போய் வந்தார்கள். நுளம்பு வலைகள் சோதனைச் சாவடிகளைத் தாண்டிச் சென்றன. மருந்து ஊறிய, பல வருடங்கள் பயன்தரும் வலைகள் பின்னர் வந்தன. நடமாடும் பரிசோதனைக் குழுக்கள் கிராமங்களுக்குள் சென்றன. எல்லாவற்றிலும் முரண்பட்ட இரு தரப்பும் நுளம்பு விடயத்தில் மட்டும் முரண்படவில்லை. 2012 ஒக்ரோபருக்குப் பிறகு இந்நாட்டு மண்ணில் தொற்றிய மலேரியா நோயாளர் ஒருவர்கூட இல்லாமல் மூன்று வருடங்கள் கடந்தபின்பே 2016இன் சான்றிதழ் கிடைத்தது.

மடு வீதியில் வண்டி பாதி காலியாகிற்று. முருங்கன் வயல்வெளியைத் தாண்டி, தாம்போதி ஓரமாகக் கடலைக் கடந்து, மன்னார்த் தீவுக்குள் நுழைந்தோம். உப்புக் காற்று முகத்தில் அடித்தது. ரவுணில் கழுதைகள் தம்பாட்டில் நின்றன. பள்ளிமுனையில் உள்ள பெருக்க மரத்தைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள் என்று பக்கத்தில் இருந்த அம்மா சொன்னா. பேசாலையில் இறங்கியபோது கருவாட்டு வாசனை வரவேற்றது.

நான் தங்கியது என்னோடு படிப்பித்த சிநேகிதியின் பெரியம்மா வீட்டில். எழுபது வயது தாண்டியவர். பனை மரங்கள் நிற்கும் மணல் வளவு. வளவின் நடுவே சீமெந்துக் கட்டுக் கிணறு. இப்பகுதியில் அநேகமாக எல்லா வளவிலும் இப்படி ஒரு கிணறு உண்டு. சில அடி தோண்டினாலே தண்ணீர் வரும்.

மறுநாள் காலை மலேரியாத் தடை இயக்க ஊழியர் ஒருவர் மோட்டார்ச் சைக்கிளில் வந்தார். கையில் கயிறு கட்டிய வாளி, சிறு வலை, பொலித்தீன் பையில் கப்பி மீன்கள். எனக்கு ஒரே ஆச்சரியம். மலேரியா இல்லாத நாட்டில் மலேரியா ஊழியருக்கு என்ன வேலை?

அவரே விளக்கினார். சான்றிதழ் கிடைத்த அதே 2016இன் கடைசியில் இந்தத் தீவில் ஒரு புது நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் அனோபிலிஸ் ஸ்டீபென்சி. இந்திய நகரங்களில் நீண்ட காலமாக மலேரியாவைப் பரப்பி வருவது இதுதான். நமது பழைய நுளம்புக்கு ஆற்றுக் குட்டையும் ஓடைக் கரையும் வேண்டும். இதற்கு அவை தேவையில்லை. கிணறும் தண்ணீர்த் தாங்கியும் தொட்டியும் போதும். அதாவது இது காட்டை விட்டு நமது குசினிக் கதவடிக்கே வந்துவிட்ட நுளம்பு. பின்னர் யாழ்ப்பாணம் உட்பட வடக்கு கிழக்கின் வேறு இடங்களிலும் இது காணப்பட்டது.

அவர் வாளியை மெதுவாக இறக்கி, தண்ணீர் கலங்காமல் அள்ளி, வெள்ளைத் தட்டில் ஊற்றிக் காட்டினார். கண்ணை இடுக்கிப் பார்த்தேன். ஈர்க்குத் துண்டு போல மூன்று குடம்பிகள், தண்ணீரின் மேற்பரப்போடு ஒட்டிப் படுத்திருந்தன. “ரீச்சர், டெங்குக் குடம்பி தலைகீழாத் தொங்கும். இது படுத்துக் கிடக்கும். படுத்துக் கிடந்தா எங்களுக்குச் சொல்லுங்க” என்றார். இருபது வருடம் படிப்பித்த எனக்கு இந்த வேறுபாடு கரும்பலகைப் படமாக மட்டுமே தெரியும்.

நுளம்பு இருந்தால் மலேரியா வந்துவிடுமா என்று கேட்டேன். “நுளம்பு இருக்கு, கிருமி இல்ல. கிருமி உள்ள ஒரு ஆள் வெளிநாட்டில இருந்து வந்து, அவரை இது கடிச்சா, பத்துப் பன்னிரண்டு நாளில அது அடுத்த ஆளுக்குக் குடுக்கும். அதுதான் ரெண்டு பக்கமும் காவல்” என்றார். பெரியம்மாவின் கிணற்றுக்குள் சில மீன்களை விட்டார். அவை கீழே போய், திரும்பவும் மேலே வந்து மேற்பரப்பைக் கொத்தத் தொடங்கின. மருந்து கரைக்காமல், செலவில்லாமல், குடம்பிகளை அவை உண்டுவிடும்.

அடுத்த வளவில்தான் சிக்கல் வந்தது. அந்த வீட்டு இளம் தாய், கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி கிணற்றுக் கட்டில் கை ஊன்றி மறித்து நின்றாள்.

“குடிக்கிற தண்ணி அண்ணா. மீன் கழிக்கிற தண்ணிய எப்பிடிப் பிள்ளைக்குக் குடுக்கிறது? மலேரியாதான் முடிஞ்சுதே, பேப்பரிலயும் வந்ததே!”

ஊழியர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். பிள்ளைக்குக் கொடுக்கும் தண்ணீரை எப்படியும் கொதிக்கவைத்துத்தானே கொடுக்க வேண்டும் என்று நானும் சொன்னேன். அவள் மசியவில்லை. அவளுடைய கேள்வியில் நியாயம் இருந்ததை மறுக்க முடியாது. அவள் பிறந்து வளர்ந்து நினைவறிந்த நாளில் மலேரியா அடங்கிவிட்டது. பார்த்திராத ஒன்றுக்கு எப்படிப் பயப்படுவது?

வேலியோரமாக நின்ற பெரியம்மா அப்போதுதான் வாய் திறந்தா.

“மகள், தொண்ணூறில நாங்க இடம்பெயர்ந்து மடுவில கிடந்தம். மரத்துக்குக் கீழதான் படுக்கை. என்ர நடுவிலான் மகனுக்கு ரெண்டரை வயசு. காய்ச்சல் எண்டு மூண்டு நாள். மூண்டாம் நாள் இரவு வலிப்பு வந்தது. விடிய மருந்துக்குக் கொண்டு போவம் எண்டு இருந்தன். விடியேல்ல, பிள்ள. எனக்கு விடியேல்ல.”

ஒருவரும் பேசவில்லை. குழந்தை மட்டும் வாளிக் கயிற்றை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. பெரியம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மீன் கிடக்கிற தண்ணி நல்ல தண்ணி எண்டுதான் எங்கட அப்பு சொல்லுவார். நஞ்சுத் தண்ணியில மீன் உயிரோட கிடக்குமோ?” என்றா.

இளம் தாய் கையை எடுத்தாள். “ஒண்டு செத்து மிதந்தாலும் உடனே அள்ளிப்போடுவன்” என்று ஒரு நிபந்தனையோடு. ஊழியர் சிரித்து, “கட்டாயம் அள்ளுங்க. பிறகு எனக்கும் சொல்லுங்க, வேற கொண்டு வாறன்” என்றார்.

அன்று பின்னேரம் தலைமன்னார் இறங்குதுறைக்குச் சென்றேன். ஒரு காலத்தில் இராமேஸ்வரத்துக்குக் கப்பல் புறப்பட்ட இடம். மணல் திட்டுகள் கடலுக்குள் வரிசையாகப் போகின்றன. அந்தப் பக்கம் இந்தியா. எங்கள் சனங்களில் எத்தனையோ பேர் படகேறி அகதிகளாக அங்கே போனார்கள். பிறகு திரும்பியும் வந்தார்கள். திரும்பி வந்தவர்களின் இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்ததும் மலேரியாவைத் தடுத்த வேலைகளில் ஒன்று. யாத்திரை, வியாபாரம், வேலை, அமைதிப்படைச் சேவை என்று உலகமெங்கும் நாம் போய் வருகிறோம். கிருமிக்குப் பாஸ்போட் தேவையில்லை.

இதே ஸ்டீபென்சி நுளம்பு 2012இல் ஆபிரிக்காவின் சிறிய நாடான ஜிபுட்டிக்குள் புகுந்தது. அந்த வருடம் அங்கே மலேரியா நோயாளர் 27 பேர் மட்டும். ஒழித்துவிட்டோம் என்று சொல்லக் காத்திருந்த நாடு. 2020இல் அவர்களின் தொகை 70,000ஐத் தாண்டிற்று. மன்னாருக்கும் ஜிபுட்டிக்கும் வந்தது ஒரே நுளம்புதான்.

உலகத்தில் இன்னும் 2023 என்ற ஒரே வருடத்தில் 26 கோடிக்கும் மேற்பட்டோருக்கு மலேரியா வந்து, ஏறத்தாழ 6 இலட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஆபிரிக்காவின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. சீனப் பெண் விஞ்ஞானி து யூயூ ஒரு மூலிகையிலிருந்து பிரித்தெடுத்த ஆர்ட்டிமிசினின் மருந்து இலட்சோப இலட்சம் உயிர்களைக் காத்ததற்காக 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2021இலும் 2023இலும் இரண்டு தடுப்பூசிகளைக் குழந்தைகளுக்கு உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைத்தது. சீனா 2021இலும், எகிப்து 2024இலும், திமோர்-லெஸ்தே 2025இலும் மலேரியா அற்ற நாடுகளாயின. திமோரும் போரில் எரிந்து எழுந்த சிறிய தேசம்தான்.

நான் ஊர் திரும்பிச் சில மாதங்களில், 2018 டிசெம்பரில், மொனராகலை மாவட்டத்தில் ஒருவருக்கு மலேரியா கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரிடமிருந்த கிருமி, இங்குள்ள நுளம்பு மூலம் இவருக்குத் தொற்றியிருந்தது. ஆறு வருடங்களின் பின் முதன்முறையாக! உடனே சுற்று வட்டாரத்தில் காய்ச்சல் தேடினார்கள், இரத்தம் பார்த்தார்கள், மருந்து விசிறினார்கள். அது பரவவில்லை. 1963இன் பிறகு செய்யாமல் விட்டதை இம்முறை செய்தார்கள்.

அன்புச் சகோதரிகளே, இந்தக் காவலில் பாதி வைத்தியர்களிடமும், பாதி கிணற்றடியிலும் குசினியிலும் இருக்கிறது. கிணற்றுக்கும் தாங்கிக்கும் நெருக்கமான வலையோ மூடியோ போடுங்கள். பாவனையில் இல்லாத கிணற்றைத் திறந்தபடி விடாதீர்கள். இதே கவனம் டெங்கையும் தடுக்கும். 2017இல் மட்டும் நம் நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோரை டெங்கு பிடித்ததை மறக்க முடியுமா?

வீட்டில் யாராவது இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ புறப்பட்டால், போகுமுன் மலேரியாத் தடை இயக்கத்திடம் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள், அது இலவசம். திரும்பி வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் கண்டால், எங்கே போய் வந்தோம் என்பதை முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள். மலேரியாவைக் கண்டிராத இளம் வைத்தியருக்கு அந்த ஒரு வசனம்தான் வழிகாட்டும். வைவாக்ஸ் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் எழும்பும். ஆகவே காய்ச்சல் விட்டுவிட்டது என்று குளிசையைப் பாதியில் நிறுத்த வேண்டாம். கர்ப்பிணிப் பெண் என்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மலேரியா தாயின் இரத்தத்தைக் குறைக்கும், கருவையும் கலைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வீட்டில் பழைய மலேரியாக் காலத்தைக் கண்ட ஒரு பெரியம்மாவோ அம்மம்மாவோ இருந்தால், அவரைப் பேச விடுங்கள். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திக் கேட்கச் செய்யுங்கள். பேசாலையில் அந்தத் தாயின் கையைக் கிணற்றுக் கட்டிலிருந்து எடுக்க வைத்தது அப்படியொரு நினைவுதான்.